கிண்ணத்தில் சுண்ணாம்பு இருக்கிறது, ஓட்டில் ஏன் இல்லை?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு பெட்டைக்கோழிகள். மூத்தவள் செவலைக்கு ஐந்து வயது நடக்கிறது. மற்ற மூன்றும் இரண்டு வயதைத் தாண்டாதவை. ஆறு மாதமாகச் செவலையின் முட்டை ஓடு மெலிந்துகொண்டே வருகிறது. மேலே மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பு. சில முட்டைகளில் இடுப்பில் கயிறு கட்டியது போல ஒரு வரி. பழுப்பு நிறமும் வெளுத்துவிட்டது. போன மாதம் இரண்டு நாள், காலையில் அவள் அடையும் கம்புக்குக் கீழே தோல் முட்டை கிடந்தது. நான்கும் ஒரே தீவனம்தான் தின்கின்றன. மற்ற மூன்றின் முட்டையில் குறையே இல்லை. லேயர் தீவனத்தில் சுண்ணாம்புக்கல் மாவைக் கலந்து வைக்கிறேன், கால்சியம் டானிக்கைத் தண்ணீரில் விடுகிறேன், மாற்றம் இல்லை. சாயங்காலம் ஆளுக்கு ஒரு கைப்பிடி தானியம் கொடுப்பது வழக்கம். முட்டை குறையக் கூடாதென்று ஒன்றரை வருடமாகக் கூண்டில் இரவு பத்து மணி வரை விளக்குப் போடுகிறேன். டானிக் அளவைக் கூட்டலாமா? அந்த முட்டையைச் சாப்பிடலாமா? இல்லை, வயதாகிவிட்டது, இனி அவ்வளவுதானா?

பதில்: டானிக்கைக் கூட்ட வேண்டாம். இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். தீவனத்தில் சுண்ணாம்பு மாவு கலப்பதையும் விட்டுவிடலாம். ஓடு மெலிகிற கோழிக்குச் சுண்ணாம்பை நிறுத்தச் சொல்கிறானே என்று தோன்றும். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ஒரே தட்டில் தின்னும் நாலில் மூன்று நன்றாக முட்டையிடுகிறது என்றால், குறை தட்டில் இல்லை. தட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அந்த நடுவழியைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். தட்டு ஒன்றாக இருந்தாலும் எல்லோரும் ஒரே அளவு தின்கிறார்களா என்பது வேறு கேள்வி. வயதான கோழியை இளசுகள் கொத்தி விரட்டுவது சகஜம். இருட்டின பிறகு, செவலை கம்பில் ஏறி அடைந்ததும், கழுத்துக்குக் கீழே மார்பின் வலப்பக்கம் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகத் தின்ற கோழிக்கு அது சிறிய பந்து மாதிரி நிரம்பி, உள்ளே தீனி நெருநெருவென்று கைக்குத் தட்டுப்படும். மூன்று நாலு நாள் தொடர்ந்து மற்றவற்றுக்கு நிரம்பியும் இவளுக்குத் தொங்கலாகவும் இருந்தால், இரண்டாவது தீவனத் தட்டு ஒன்றைத் தள்ளி வையுங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடக்கூடும். நிரம்பித்தான் இருக்கிறதென்றால் மேலே படியுங்கள்.

ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ ஒரு நாள், 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. மஞ்சள் கரு கழன்று முட்டைக்குழாயின் வாய்க்குள் விழுகிறது. அங்கே கால் மணி, அரை மணி. பிறகு மூன்று மணி நேரம் போல வெள்ளைக் கரு சுற்றுகிறது. அதன்மேல் இரண்டு மெல்லிய சவ்வுகள் போர்த்தப்பட ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மிச்சம் இருக்கிற 20 மணி நேரமும் ஓட்டுக்குத்தான். காலை எட்டு மணிக்கு முட்டையிடும் கோழிக்கு, அரை மணி நேரத்தில் அடுத்த கரு கிளம்பிவிடும். அது மதியம் ஒரு மணி வாக்கில் ஓடு போடும் அறைக்கு வந்து சேரும். முதலில் தண்ணீர் ஏறி உப்பும். பிறகுதான் சுண்ணாம்பு மும்முரமாகப் படியும். அந்த மும்முரமான நேரம், கோழி கம்பில் கண்மூடி உட்கார்ந்திருக்கும் இரவு. அதாவது ஓட்டுக்கு அதிகம் சுண்ணாம்பு தேவைப்படும்போது கோழி தின்பதில்லை.

இந்த இரவுச் செலவைச் சமாளிக்க இரண்டு ஏற்பாடு உண்டு. ஒன்று, படுக்கப்போகுமுன் தின்ற சுண்ணாம்பு வயிற்றில் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருப்பது. மற்றது, கால் எலும்புகளின் உட்குழியில் முட்டைக்கென்றே சேர்த்து வைத்திருக்கும் ஒரு தனி எலும்பு. பெட்டைக்கு முட்டைப் பருவம் வந்ததும் ஹார்மோன் தூண்டுதலில் அது உண்டாகும். பகலில் சேமிப்பு, இரவில் எடுப்பு. ஒரு முட்டை ஓட்டில் 2 கிராமுக்குச் சற்று மேல் கால்சியம் இருக்கிறது. கோழியின் மொத்த ரத்தத்தில் ஒரு நேரத்தில் இருப்பதோ அதில் மிகச் சிறு பங்குதான். ரத்தம் வெறும் வாய்க்கால். ஒரு பக்கம் குடலும் எலும்பும் விட்டுக்கொண்டே இருக்க, மறுபக்கம் ஓடு இழுத்துக்கொண்டே இருக்கும்.

வயதானால் இந்த வாய்க்காலில் மூன்று இடத்தில் அடைப்பு. குடல் முன்போல உறிஞ்சாது. உறிஞ்சச் சொல்லிக் கட்டளையிடுவது வைட்டமின் டி. அதை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுவது சிறுநீரகம். வயதில் அந்த மாற்றமும் மந்தமாகிறது. எலும்புச் சேமிப்பு எத்தனையோ நூறு முட்டைகளுக்குக் கொடுத்துக் கொடுத்துத் தேய்ந்திருக்கும். மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை: முட்டை பெரிதாகிவிட்டது. இளவயதில் 55 கிராம் முட்டைக்கு ஐந்தரை கிராம் ஓடு போட்ட கோழி, இப்போது 68 கிராம் முட்டைக்கு ஆறு கிராம் போடுகிறது என்று வையுங்கள். ஓடு போடும் திறன் குறையவே இல்லை, சற்றுக் கூடியே இருக்கிறது. ஆனாலும் முன்பு பத்து சதவீதமாக இருந்த ஓடு ஒன்பதுக்கும் கீழே வந்துவிட்டது. அதே மாவில் பெரிய தோசை ஊற்றினால் மெல்லிசாகத்தானே வரும். நிறம் வெளுத்ததற்கும் ஒரு பாதிக் காரணம் இதுவே. அதே அளவு சாயம், பரப்பு அதிகம்.

நீங்கள் டானிக் ஊற்றினாலும் மாவு கலந்தாலும் இந்த மூன்றில் எதுவும் மாறாது. உறிஞ்ச முடியாததைக் கூட்டிக் கொடுத்தால் அது எச்சத்தில் போகும். உடம்பில் ஏறிய கூடுதல் சுண்ணாம்பை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்துக்கு வரும். அந்தச் சிறுநீரகம்தான் வைட்டமின் டி-யையும் மாற்றித் தர வேண்டும். டானிக்கிலும் பெரும்பாலும் வைட்டமின் டி3 சேர்த்திருப்பார்கள். அளவு மீறினால் அதுவே சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிய வைக்கும். முட்டையின் மேல் மணல் ஒட்டியது போல இருக்கிறது என்கிறீர்களே, தேவைக்கு மேல் சுண்ணாம்பு தின்னும் கோழியிடமும் அதைப் பார்க்கலாம். வயதான கோழிக்கு வேறு காரணத்தாலும் வரும் என்பதால் பழியை முழுக்க உங்கள் மாவின் மேல் போட மாட்டேன். ஆனால் மாவை நிறுத்தி மூன்று வாரத்தில் சொரசொரப்புக் குறைந்தால் விடை கிடைத்துவிடும்.

இப்போது ஓட்டைப் படிக்கலாம். எனக்கு இந்த வேலையில் பிடித்த பகுதி இது. ஒவ்வொரு குறைக்கும் ஒரு நேரம் உண்டு. ஓடு அந்த நேரத்தைக் காட்டிக் கொடுக்கும்.

இடுப்பில் கயிறு கட்டியது போன்ற வரி என்பது, ஓடு இன்னும் முட்டைத்தோல் மாதிரி மெலிதாக இருக்கும்போதே உள்ளே உடைந்து, மேலே மறுபடி சுண்ணாம்பு படிந்து ஒட்டிக்கொண்ட தழும்பு. எலும்பு முறிந்து கூடினால் முண்டு நிற்குமே, அது போல. ஓடு போட ஆரம்பித்த முதல் சில மணி நேரத்தில், அதாவது சாயங்காலம் தொடங்கி முன்னிரவுக்குள், கோழி பதறியிருக்கிறது. தூக்கிவாரிப்போட்டுப் பறந்தது, கம்பிலிருந்து விழுந்தது, இன்னொன்று இடித்துத் தள்ளியது, ஏதாவது ஒன்று. இரவு பத்து மணி வரை விளக்கு எரிகிறது, பிறகு சட்டென்று அணைகிறது என்றால், அந்த நொடியில் கூண்டுக்குள் என்ன நடக்கிறதென்று ஒரு நாள் நின்று பாருங்கள். விளக்கு இருக்கும்வரை கீழே திரிந்துவிட்டு, அணைந்ததும் இருட்டில் கம்பைத் தேடித் தடவும் கோழிகளைப் பார்த்திருக்கிறேன். ஐந்து வயதுக்காரி அதில் இரண்டு தடவை விழுந்தால் ஆச்சரியமில்லை.

கம்புக்குக் கீழே கிடக்கும் தோல் முட்டை வேறு கதை. அது ஓடு படியாமலே வெளியே வந்த முட்டை. சில சமயம் வயதான கோழிக்கு இரண்டு கரு அடுத்தடுத்துக் கழன்றுவிடும். ஓடு போடும் அறை ஒன்றுதானே. முந்தினதைப் பிந்தினது நெருக்கும். முந்தினது அரைகுறையாக வெளியே வரும், அல்லது இரண்டும் ஒட்டி நின்றதில் ஒரு முட்டைக்குப் பக்கவாட்டில் தட்டையான இடம் விழும். தோல் முட்டை வந்த அன்றும் மறுநாளும் வேறு முட்டை வந்ததா, அதன் வடிவம் எப்படி இருந்தது என்று குறித்துவையுங்கள். இருந்து இருந்து எப்போதாவது ஒன்று என்றால் பயப்பட ஒன்றுமில்லை. இரவில் எலியோ பூனையோ வந்து மிரட்டினாலும் முட்டை முந்திக்கொண்டு விழும். செள் இருந்தால் இரவு முழுக்க அமைதி இருக்காது. விளக்கை அடித்துக் கம்பின் அடிப்பக்கத்தையும் பொருத்துகளையும் பார்த்துவிடுங்கள், சிவப்பாகப் புள்ளி புள்ளியாக ஓடும்.

நெடுக்குவாட்டில் சுருக்கம் சுருக்கமாக, வடிவமும் கோணலாக, உடைத்தால் வெள்ளைக் கரு தண்ணீராக ஓடினால் அது வயதுப் பிரச்சினை இல்லை. மூச்சுக்குழலைத் தாக்கும் ஐபி வைரஸ் முட்டைக்குழாயையும் விட்டுவைப்பதில்லை. வெள்ளைக்கழிச்சல் கிருமியும் அப்படித்தான். ஆனால் தொற்று என்றால் ஒரு கோழியோடு நிற்பது அபூர்வம். மற்ற மூன்றும் நன்றாக இருப்பதால் உங்கள் வீட்டில் இதை நான் சந்தேகிக்கவில்லை. இடையில் ஏதாவது சல்பா மருந்து கொடுத்தீர்களா என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள். ஓடு உருவாகத் தேவையான ஒரு நொதியை அந்த வகை மருந்துகள் முடக்கிவிடும். மருந்தை நிறுத்தினால் ஓடு திரும்பிவிடும்.

வீட்டில் நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒன்று. செவலையின் முட்டை ஒன்றையும் இளங்கோழி முட்டை ஒன்றையும் இருட்டறையில் டார்ச் விளக்கின் வாயில் வைத்துப் பாருங்கள். நல்ல ஓடு ஒரே சீராகச் சிவந்து தெரியும். சீராகப் படியாத ஓட்டில் வெளிச்சம் புள்ளி புள்ளியாக, தண்ணீர் தெளித்த காகிதம் மாதிரி ஊடுருவும். கையில் தெரியாத கீறல்களும் அப்போது தெரிந்துவிடும். அந்த ஓட்டின் ஒரு துண்டை வினிகரில் போட்டால் பொங்கி வரும் குமிழியைக் கவனியுங்கள். அது கரியமில வாயு. ஓட்டில் இருக்கும் சுண்ணாம்பின் எடையில் கால்சியம் 40 சதவீதம்தான். மீதி 60 சதவீதம் கார்பனேட், அது கோழியின் ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயுவிலிருந்து வருவது. வெயில் காலத்தில் கோழி வாயைத் திறந்து இரைக்கிறதே, அப்போது அந்த வாயுவைத்தான் ஊதித் தள்ளுகிறது. எவ்வளவு கிளிஞ்சல் தின்றாலும் இரைக்கும் கோழியின் ஓடு மெலிவது இதனால்தான். உங்கள் ஆறு மாதத்தில் கோடை எத்தனை மாதம் என்று கணக்குப் பாருங்கள். நிழல், குளிர்ந்த தண்ணீர், வெயில் தாழ்ந்த பிறகு தீவனம், காற்றுப் போக வழி, இவை டானிக்கைவிட அதிகம் செய்யும். தண்ணீர் உப்புக் கரித்தால் அதுவும் ஓட்டைக் கெடுக்கும். மாற்றித் தர முடிந்தால் மாற்றுங்கள்.

சரி, மாவும் டானிக்கும் வேண்டாமென்றால் எதைக் கொடுப்பது? கிளிஞ்சலைக் கொடுங்கள், ஆனால் மாவாக இல்லை, குருணையாக. இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர், கல் உப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம். மாவு அரைவைப்பையில் நிற்காமல் சில மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும். குருணை அங்கேயே தங்கி இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். முன்பு சொன்னேனே, ஓட்டுக்குத் தேவை இரவில் என்று. அந்த நேரத்துக்கு வயிற்றில் இருப்பது குருணை மட்டும்தான். தீவனத்தோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். மதியத்துக்கு மேல், குறிப்பாகச் சாயங்காலம், முட்டை போடப்போகும் கோழி தானாக அந்தக் கிண்ணத்துக்குப் போவதைப் பார்க்கலாம். தேவையில்லாத கோழி தொடாது. இந்த விஷயத்தில் கோழிக்கு நம்மைவிடக் கணக்குத் தெரியும். கருங்கல் மணலும் கிளிஞ்சலும் ஒன்றில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல் அரைக்க, கிளிஞ்சல் கரைய.

முட்டை ஓட்டையே நொறுக்கிக் கொடுக்க நினைத்தால், கழுவி, அடுப்பில் நன்றாகச் சூடுகாட்டிக் காயவைத்து, முட்டை என்று அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்குங்கள். பச்சை ஓட்டை அப்படியே போட்டால் கிருமியும் சுற்றும், முட்டையைக் கொத்தித் தின்னும் பழக்கமும் தொற்றும். மெலிந்த ஓடு இருக்கிற கூட்டில் அந்தப் பழக்கம் வந்தால் விடுவிப்பது கஷ்டம். அதனால்தான் செவலையின் முட்டையைக் காலையிலேயே எடுத்துவிடுவதும், கூட்டில் வைக்கோல் தடிமனாகப் போடுவதும் முக்கியம்.

அடுத்தது அந்தச் சாயங்காலக் கைப்பிடித் தானியம். பாசத்தோடு கொடுப்பது, புரிகிறது. கணக்கைப் பாருங்கள். ஒரு கோழி ஒரு நாளைக்கு 110 கிராம் போலத் தின்னும். லேயர் தீவனத்தில் கால்சியம் 3.8 சதவீதம் இருந்தால், 4.2 கிராம் உள்ளே போகும். அதில் பாதி ஒட்டினால் 2.1 கிராம். ஓட்டுக்கு வேண்டியது ஏறத்தாழ அவ்வளவே. இப்போது 30 கிராம் தானியம் தின்றால் அந்த அளவு தீவனம் குறையும். தானியத்தில் கால்சியம் அநேகமாக இல்லை. 80 கிராம் தீவனத்திலிருந்து 3 கிராம், பாதி ஒட்டினால் ஒன்றரை. இளங்கோழி பாதிக்கு மேல் உறிஞ்சித் தப்பித்துவிடும். செவலையால் முடியாது. அவள் இரவுக்கென்று நிரப்பும் கடைசித் தீனி முழுக்கத் தானியமாக இருப்பதுதான் இதில் பெரிய கெடுதல். தானியத்தை நிறுத்தச் சொல்லவில்லை. காலையில் கொடுங்கள், கைப்பிடியைப் பாதியாக்குங்கள். சாயங்காலம் தீவனமும் கிளிஞ்சல் கிண்ணமும் மட்டும்.

வைட்டமின் டி-க்கு வெயில்தான் நல்ல வழி. கோழி அதை இறகில்லாத தோலில், முக்கியமாகக் கால்களில், வெயில் பட்டுத் தயாரித்துக்கொள்ளும். பகலில் வெளியே மேயும் கோழிக்குத் தனியாகத் தேவைப்படாது. மனிதருக்கான மாத்திரை கொடுக்க நினைப்பவர்களுக்காக: பறவைகளுக்கு டி3 தான் பயன்படும், டி2 மிகக் குறைவாகத்தான் ஒட்டும். தீவன மூட்டை மாதக்கணக்கில் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் வைட்டமின் சத்து போய்விடும். தேதியைப் பார்த்து, திறந்தால் சில வாரங்களில் தீரும் அளவு வாங்குங்கள்.

இனி விளக்கு. உங்கள் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தபோது அந்த வரியில்தான் நின்றேன். இரவு பத்து வரை, ஒன்றரை வருடம். இடையில் செவலை முழுசாக இறகு உதிர்த்தாளா என்று நீங்கள் எழுதவில்லை. உதிர்த்திருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன். பகல் குறுகும் காலத்தில் கோழி முட்டையை நிறுத்தி, பழைய இறகைக் கழற்றி, புதிது போட்டுக்கொள்ளும். கழுத்திலும் முதுகிலும் கந்தலாகி, பார்க்கவே பாவமாக இருக்கும். இரண்டு மூன்று மாதம். அந்த நேரத்தில் முட்டைக்குழாய் சுருங்கி, பழைய உள்தோல் போய், புதிதாக வளர்கிறது. எலும்பும் கடனை அடைக்கிறது. பிறகு வரும் முட்டையில் ஓடு தேறியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விளக்குப் போட்டுப் பகலை நீட்டினால் கோழியின் மூளைக்கு அந்தப் பருவம் வந்ததே தெரியாது. இட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் செவலைக்குத் தேவைப்படுவது சுண்ணாம்பு இல்லை, விடுப்பு.

விளக்கை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு அரை மணி, முக்கால் மணி என்று குறைத்து இயற்கைப் பகலுக்குக் கொண்டுவாருங்கள். அப்போது இருட்டில் விழுவதும் தானாக நின்றுவிடும். மற்ற மூன்றின் முட்டையும் குறையும், அதற்கு நீங்கள் சம்மதிக்க வேண்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வசிப்பவர்களுக்குப் பகல் நீளம் அதிகம் மாறாது என்பதால் உதிர்ப்பு ஒரே மூச்சில் நடக்காமல் இழுத்துக்கொண்டே போகலாம். அதுவும் பரவாயில்லை. பட்டினி போட்டோ தண்ணீரை நிறுத்தியோ உதிர வைக்கும் பழைய முறை ஒன்று உண்டு. ஐந்து வயதுக் கோழிக்கு அதைச் செய்யவே செய்யாதீர்கள். இறகு அநேகமாக முழுக்கப் புரதம். உதிரும் மாதங்களில் தீவனத்தில் புரதம் 16 முதல் 18 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். புது இறகு முளைக்கும் இடத்தைத் தொட்டால் வலிக்கும், அதனால் தூக்கி வைத்துக் கொஞ்சுவதையும் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள்.

வயது என்று சொல்லி எதையும் மூடிவிடக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கோழிக்கு ஓடு மெலிகிறது என்று கொண்டுவந்தார்கள். இரண்டு மாதம் கால்சியம் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். முட்டையைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டேன், கோழியைத் தூக்கிப் பார்க்கவில்லை. கடைசியில் தூக்கியபோது வயிறு தண்ணீர் நிரப்பின பை மாதிரி கனத்தது. முட்டைக்குழாயில் சீழ் பிடித்து முற்றியிருந்தது. அன்றிலிருந்து முட்டையைக் காட்டுகிறவரிடம் கோழியையும் கொண்டுவரச் சொல்கிறேன்.

நீங்களே செய்யலாம். செவலையை இடது கைக்குள் அணைத்துப் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையை நெஞ்செலும்பின் முனைக்கும் எச்சத்துவாரத்துக்கும் நடுவில் வையுங்கள். மெத்தென்று, கையோடு இணங்கிப் போக வேண்டும். தண்ணீர் போலத் தளும்பினாலும், கட்டி போலக் கெட்டியாக இருந்தாலும், இளங்கோழியோடு ஒப்பிடத் தெளிவாக வீங்கியிருந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி துருத்திக்கொண்டு, வயிறு மட்டும் பெருத்திருந்தால் இன்னும் அவசரம். வெந்த முட்டையை அடுக்கடுக்காகச் சுற்றி வைத்தது போல ரப்பர் பதத்தில் ஏதாவது வெளியே வந்தால் அது முட்டை இல்லை, சீழ் இறுகியது. முட்டைக் கோழிகளுக்கு வயது ஏறினால் முட்டைப்பையிலும் குழாயிலும் புற்றுநோய் வருவது அபூர்வமில்லை. மனிதருக்கு வரும் சினைப்பைப் புற்றை ஆராய விஞ்ஞானிகள் கோழியைத் தேர்ந்தெடுப்பதே அதனால்தான்.

இன்னொன்று, தோல் முட்டை போடும் கோழிக்கு முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். கெட்டியான முட்டையைத் தசை பிடித்துத் தள்ளும். நெகிழ்ந்ததைப் பிடிக்க முடியாமல் வழுக்கும். வால் தொங்கி, உடம்பை நிமிர்த்திப் பென்குயின் மாதிரி நின்று, முக்கி முக்கி, தீனி தொடாமல் இருந்தால் அதுதான். இளஞ்சூடான தண்ணீரில் அடிவயிறு முங்க ஒரு கால் மணி நேரம் உட்காரவைத்து, துடைத்து, இருட்டான கதகதப்பான இடத்தில் விடுங்கள். சில மணி நேரத்தில் வரவில்லையென்றால் மருத்துவரிடம் போங்கள். வயிற்றை அமுக்காதீர்கள், உள்ளே உடைக்க முயலாதீர்கள். கால் தள்ளாடி எழுந்திருக்க முடியாமல் போனாலும் அன்றே காட்ட வேண்டும். எலும்புச் சேமிப்பு தீர்ந்து ரத்தத்திலேயே கால்சியம் இறங்கியிருக்கலாம். டானிக் அங்கே போதாது, ஊசி வேண்டும்.

முட்டையைச் சாப்பிடலாமா என்று கேட்டீர்கள். ஓடு மெலிசாக இருந்தாலும் கீறல் இல்லாமல், சுத்தமாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். முழுக்க வேகவையுங்கள், அரைவேக்காடு வேண்டாம். கீறியதும் தோல் முட்டையும் எச்சத்தில் கிடந்திருக்கும். அவற்றைத் தூர எறிந்துவிடுங்கள். ஏதாவது மருந்து கொடுத்திருந்தால், எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்று கொடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவ்வளவுதானா என்றும் கேட்டிருந்தீர்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளும் கோழி எட்டு வருடம், சிலது அதற்கு மேலும் இருக்கும். முட்டை அதற்கு முன்பே நின்றுவிடும். உதிர்ப்பு முடிந்து செவலை வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ நல்ல ஓட்டோடு இடலாம், இடாமலும் போகலாம். உதிரும் மாதங்களிலும், அடியோடு நின்றுவிட்டால் அதற்குப் பிறகும், லேயர் தீவனத்தில் இருக்கும் கிட்டத்தட்ட நாலு சதவீதக் கால்சியம் அவளுக்குப் பாரம். அவளுக்காகத் தனித்தட்டு வைத்து மற்றதை விரட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால், நாலுக்கும் சேர்த்துக் கால்சியம் ஒரு சதவீத அளவில் உள்ள, புரதம் குறையாத வளர்கோழித் தீவனத்துக்கு மாறிவிடுங்கள். கிளிஞ்சல் கிண்ணத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். முட்டையிடும் மூன்றும் வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். செவலை அதை எட்டிப் பார்க்காமல் போனால் கவலைப்படாதீர்கள். ஒரு நாள் சாயங்காலம் அவள் மறுபடி அந்தக் கிண்ணத்தில் குனிந்தால், அடுத்த சில நாளில் கூட்டில் முட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.